ஃபைல் வந்துவிட்டது, பெர்மிஷன் வரவில்லை

"காப்பி ஆயிடுச்சுண்ணா. ஆனா ஓப்பன் பண்ணா பெர்மிஷன் இல்லைங்குது."

காலாப்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்கிரீன் உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்பவற்றுக்கு அடுத்தபடியாக என் காதில் அதிகம் விழும் புகார் இதுதான். சொல்பவர் குரலில் நியாயமான கோபம் இருக்கும். ஃபைல் அவர் எழுதியது, லேப்டாப் அவர் காசில் வாங்கியது. அவரைப் பார்த்தே 'உனக்கு அனுமதி இல்லை' என்று மெஷின் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தப் புகார் இங்கே இவ்வளவு வருவதற்கு ஊரும் ஒரு காரணம். 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே பொறியியல் கல்லூரியாக இருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட வளாகம், சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. இயற்பியல் ஆய்வு மாணவர் உபுண்டு வைத்திருப்பார். எம்பிஏ மாணவியிடம் விண்டோஸ். வீடியோ எடிட்டிங் செய்கிறவர் கையில் மேக். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர் 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் விண்டோஸும் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருந்தன. ஆக, ஒரே விடுதி அறையில் மூன்று சிஸ்டம், நடுவில் ஒரு பென் டிரைவ்.

இன்னொரு காரணம் கடல். உப்புக் காற்றில் போர்டும் கனெக்டரும் துருப்பிடித்து மெஷின் செத்துவிடும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோதும், தண்ணீரில் நனைந்த சிபியுவிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் கடைக்கு வந்தபடியே இருந்தன. டிஸ்க் நல்ல டிஸ்க். புது மெஷினில் மாட்டினால் மட்டும் திறக்காது.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெர்மிஷன் என்பது ஃபைலின் குணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபைல் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த சிஸ்டம் வைத்திருக்கும் கணக்கு அது. பாண்டியிலிருந்து காலாப்பட்டுக்கு ஈசிஆரில் வருகிறவர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடுதான். பிள்ளைச்சாவடி வந்தால் மறுபடி புதுச்சேரி. பாண்டிக் கடையில் பில் போட்டு வாங்கிய மது பாட்டிலோடு கோட்டக்குப்பத்தில் நின்றால் போலீஸ் கேள்வி கேட்கும். பாட்டில் அதேதான், லேபிளும் அதேதான். நிற்கிற மண்ணின் சட்டம்தான் வேறு.

அதனால் யார் வந்து டிஸ்க்கை நீட்டினாலும் இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் தேடுவேன். இந்த சிஸ்டம் உங்களை யார் என்று நினைக்கிறது? இந்த ஃபைலை யாருடையது என்று நினைக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும்முன் எந்தக் கமாண்டையும் தட்டக்கூடாது.

பென் டிரைவிலிருந்து தொடங்குகிறேன். கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். ஃபேட் என்பது 1970-களின் கடைசியில் பிறந்தது. ஒரு மெஷின், அதன்முன் ஒரே ஆள் என்ற காலத்துச் சரக்கு. இதை மாற்றாதே, இதை மறை, இது சிஸ்டம் ஃபைல், இதை பேக்கப் எடுக்க வேண்டும் என்ற நான்கு குறிப்புகளைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. சொந்தக்காரர் யார் என்று எழுத அதில் இடமே கிடையாது. 2006-ல் வந்த எக்ஸ்ஃபேட்டிலும் கிடையாது.

லினக்ஸுக்கோ சொந்தக்காரர் இல்லாமல் ஒரு ஃபைல் இருக்க முடியாது. எனவே பென் டிரைவைச் செருகியதும், லாகின் செய்திருப்பவரே எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் என்று அது தானாக ஒரு கணக்கு எழுதிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் பெரும்பாலும் எல்லா ஃபைலுக்கும் 755 என்று ஒரே எண் விழும். படிக்கலாம், ஓட்டவும் செய்யலாம் என்று அர்த்தம். அங்கிருந்து ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்தால், அந்தக் கற்பனைக் கணக்கு நிஜக் கணக்காகிவிடும். டெர்மினலில் பார்த்தால் ஆய்வேட்டின் அத்தியாயம், வெறும் எண்கள் உள்ள டேட்டா ஃபைல், போட்டோ எல்லாம் ஓட்டக்கூடிய புரோகிராம் என்று பச்சை நிறத்தில் மின்னும். உபுண்டுவின் பழைய பதிப்புகளில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால், 'இதை ஓட்டவா, காட்டவா?' என்று கேட்கும். "வைரஸ் வந்துடுச்சாண்ணா?" என்று அந்த நேரத்தில் ஓடி வந்தவர்கள் பலர்.

இதைச் சரிசெய்யப் போய்த்தான் அடுத்த சிக்கல் வரும். யாரோ சொன்னார்கள் என்று மொத்த ஃபோல்டருக்கும் உள்ளேயுள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஓட்டும் அனுமதி இல்லாத 644 போட்டுவிடுவார்கள். ஃபைலுக்கு அது சரியான எண். ஃபோல்டருக்கு அதுவே விஷம். ஃபோல்டரில் எக்ஸ் என்ற அனுமதிக்கு 'ஓட்டலாம்' என்று பொருளில்லை, 'உள்ளே போகலாம்' என்று பொருள். அதை எடுத்துவிட்டால் ஃபோல்டர் இருக்கும், சொந்தக்காரரே உள்ளே நுழைய முடியாது. ஃபைன்ட் கமாண்டால் ஃபோல்டர்களை மட்டும் பிரித்து 755, ஃபைல்களை மட்டும் பிரித்து 644 என்று தனித்தனியாகக் கொடுப்பதுதான் நிம்மதி. பெர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் கமாண்டில் பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டரை மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று புத்தகங்களில் இருக்கும். உண்மைதான், ஆனால் அதில் ஒரு கண்ணி. ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைலுக்கும் பெரிய எக்ஸ் அந்த அனுமதியைக் கொடுத்துவிடும். பென் டிரைவ் வழியாக வந்தவற்றில் எல்லாவற்றுக்கும் எக்ஸ் இருப்பதால், ஒரே கமாண்டில் முதலில் எக்ஸை எடுத்துவிட்டு, பிறகு பெரிய எக்ஸைக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் கதை வேறு. 1993-ல் வந்த விண்டோஸ் என்டியோடு என்டிஎஃப்எஸ் முறையும் வந்தது. அதில் ஒவ்வொரு ஃபைலுடனும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்காது. எஸ்-1-5-21 என்று தொடங்கிப் பல இலக்கங்கள் ஓடும் ஓர் அடையாள எண் இருக்கும். விண்டோஸை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அந்த எண்ணின் நடுப்பகுதி புதிதாகப் பிறக்கும். பழைய மெஷினில் உங்கள் அக்கவுண்ட் பெயர் 'அட்மின்', புது மெஷினிலும் 'அட்மின்'. நமக்கு ஒரே ஆள். விண்டோஸுக்கு முன்பின் அறியாத இரண்டு பேர். பழைய டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாத அக்கவுண்ட்' என்றும் பக்கத்தில் அந்த நீளமான எண்ணும் நிற்கும். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இதைக் காட்டியதுமே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

இந்த இடத்தில் விண்டோஸே ஒரு பட்டனைக் காட்டும்: 'தொடர்க, நிரந்தர அனுமதி பெறுக.' அழுத்தினால் உள்ளேயுள்ள ஒவ்வொரு ஃபைலின் பட்டியலிலும் உங்கள் புது எண்ணை எழுதத் தொடங்கும். லட்சக்கணக்கில் ஃபைல் உள்ள டிஸ்க்கில் பச்சைக் கோடு நகர்வதே தெரியாது. பொறுமை இழந்து வயரைப் பிடுங்கினால் பாதி ஃபைல் திறக்கும், பாதி திறக்காது. அதிலும் டிஸ்க் ஏற்கெனவே கரகரவென்று சத்தம் போடும் நிலையில் இருந்தால், அதில் எதையும் எழுதவே கூடாது.

என் வழி இது. பழைய டிஸ்க்கில் எதையும் மாற்றுவதில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ரோபோகாப்பியை பேக்கப் முறையில், அதாவது '/பி' சேர்த்து ஓட்டுவேன். பேக்கப் எடுப்பவருக்கென்று விண்டோஸ் ஒரு தனி உரிமை வைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் படித்துக்கொள்ளலாம். ரோபோகாப்பி வேறெதுவும் சொல்லாவிட்டால் உள்ளடக்கம், ஆட்ரிபியூட், தேதி மூன்றை மட்டும்தான் எடுக்கும். பெர்மிஷன் பட்டியலைத் தொடாது. போய்ச்சேரும் ஃபோல்டரின் பெர்மிஷனையே புது ஃபைல்கள் பெற்றுக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அதுதான். கூடவே '/எக்ஸ்ஜே' என்பதையும் சேர்த்துவிடுவேன். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' போன்ற பழைய பெயர்கள் நிஜ ஃபோல்டர்கள் அல்ல, வேறோர் இடத்தைக் காட்டும் கைகாட்டிகள். அவற்றின் உள்ளே பார்க்க எல்லாருக்குமே தடை உண்டு. அது தெரியாமல் 'இந்த ஃபோல்டரில்தான் என் எல்லா டாக்குமென்டும் இருக்கு, பூட்டிக்கிச்சு' என்று சொல்கிறவர்களிடம், பக்கத்திலுள்ள யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினால் போதும்.

விண்டோஸில் அலுவலகங்களைக் குழப்பும் இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், போய்ச்சேரும் ஃபோல்டரின் பெர்மிஷன் வரும். கட் செய்து பேஸ்ட் செய்தால், பழைய ஃபோல்டரின் பெர்மிஷனே கூட வரும். ஒரு கணக்குப் பிரிவில் மேலாளர் தன் தனி ஃபோல்டரிலிருந்து சுற்றறிக்கையைப் பொது ஃபோல்டருக்கு கட்-பேஸ்ட் செய்கிறார். எல்லாருக்கும் ஃபைல் தெரிகிறது, ஒருவராலும் திறக்க முடியவில்லை. "நெட்வொர்க் பிராப்ளம்" என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். காப்பி செய்துவிட்டுப் பழையதை அழித்திருந்தால் பிரச்சினையே இல்லை.

இனி லினக்ஸ். இங்கேயும் டிஸ்க்கில் எழுதப்படுவது எண்தான், ஆனால் மிகச் சின்ன எண். உபுண்டுவில் முதல் ஆள் 1000, அடுத்தவர் 1001, இப்படியே போகும். சென்டோஸ் 6 வரை 500-ல் தொடங்கியது. 7-லிருந்து அதுவும் 1000-க்கு வந்துவிட்டது. 500 வரிசையில் இருந்த டிஸ்க்கை உபுண்டு மெஷினில் மாட்டினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 503 என்று தெரியும். பார்த்ததுமே ஏதோ பொருந்தவில்லை என்று புரிந்துவிடும். ஆபத்து எங்கே என்றால், வேறொருவரின் பெயர் தெரியும்போது.

ஓர் ஆய்வுக் குழுவில் அப்படித்தான் ஆனது. பழைய சர்வரின் பவர் சப்ளை போய்விட்டது. டேட்டா டிஸ்க்கைக் கழற்றிப் புது சர்வரில் மாட்டிவிட்டார்கள். புது சர்வரில் அக்கவுண்ட்களைத் திறந்தவர், மாணவர்களின் பெயரை அகரவரிசைப்படி போட்டுக்கொண்டே போயிருக்கிறார். பழைய சர்வரிலோ, சேர்ந்த வருஷ வரிசை. முடிவு: பழைய 1002 வேறொருவருக்கு, 1003 இன்னொருவருக்கு. ஒரு மாணவி லாகின் செய்து தன் ஃபோல்டருக்குப் போனால் 'பெர்மிஷன் டினைட்'. ஜூனியரின் ஃபோல்டரோ தாராளமாகத் திறக்கிறது, அழிக்கவும் முடிகிறது. யாரோ சர்வரை ஹேக் செய்துவிட்டார்கள் என்று லேபில் ஒரே கலவரம்.

நான் போனபோது வேறொருவர் ஏற்கெனவே வைத்தியம் தொடங்கியிருந்தார். 1002-ன் ஃபைல்களையெல்லாம் 1003-க்கு மாற்றியிருக்கிறார், சரி. அடுத்து 1003-ன் ஃபைல்களையெல்லாம் 1004-க்கு மாற்றியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்: இரண்டாவது கட்டளை ஓடும்போது 1003-ல் இரண்டு பேருடைய ஃபைலும் கலந்து கிடக்கின்றன. இரண்டுமே 1004-க்குப் போய்விட்டன. அவரவர் ஹோம் ஃபோல்டரில் இருந்தவற்றை ஃபோல்டரை வைத்துப் பிரித்துவிட்டேன். எல்லாரும் சேர்ந்து எழுதிய பொது ஃபோல்டரில் எது யாருடையது என்று டிஸ்க்கைக் கேட்டுப் பயனில்லை. அவர்களையே உட்காரவைத்து, ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்து, "இது நான் எழுதினது சார்" என்று ஒவ்வொருவராகச் சொல்லச்சொல்ல மாற்றினோம்.

சரியான முறை இரண்டு நடையில் போவது. முதல் நடையில் எல்லா எண்களையும் யாருக்கும் சொந்தமில்லாத உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும்: 1002 என்பது 51002, 1003 என்பது 51003. இரண்டாவது நடையில் அங்கிருந்து சரியான எண்ணுக்கு இறக்க வேண்டும். அப்போது எதுவும் எதனோடும் மோதாது. இதைவிட நல்ல வழி, டிஸ்க்கை மாட்டும்முன் பழைய சர்வரின் பாஸ்வேர்ட் ஃபைலைப் பார்த்து, அதே எண்களிலேயே புது அக்கவுண்ட்களைத் திறப்பது. ஐந்து நிமிஷ வேலை. 'எல்எஸ்' கமாண்டை '-எல்' போட்டு ஓட்டினால் பெயர் தெரியும். '-என்' போட்டு ஓட்டினால் எண்ணே தெரியும். சர்வர் மாற்றும் நாளில் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அனுமதி போதாமல் வந்த புகார். அனுமதி அதிகமானதால் வரும் புகாரும் உண்டு. பெங்களூரு ஐஐஎஸ்சியின் பரம் பிரவேகா போன்ற சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டுமானால் இங்கிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய வேண்டும். இப்படித் தொலைவில் உள்ள மெஷினுக்குப் போக மாணவர் விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் போட்டிருப்பார். அதாவது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ். தன் பிரைவேட் கீயை விண்டோஸின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்திருப்பார். சி டிரைவை டபிள்யூஎஸ்எல் பார்க்கும்போது எல்லா ஃபைலும் 777 என்றே தெரியும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். எஸ்எஸ்எச் அதைப் பார்த்ததும் 'இந்தக் கீ ஊருக்கே திறந்து கிடக்கிறது, இதை நான் பயன்படுத்த மாட்டேன்' என்று பெரிய எழுத்தில் எச்சரித்துவிட்டு மறுத்துவிடும். சிஎச்மாட் 600 என்று தட்டினால் எர்ரர் வராது, எண்ணும் மாறாது. மாணவர் திரும்பத் திரும்ப அதையே தட்டிக்கொண்டிருப்பார்.

காரணம், விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் பெர்மிஷனை எழுதிவைக்க அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. கீயை டபிள்யூஎஸ்எல்லின் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் காப்பி செய்து, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, கீக்கு 600 கொடுத்தால் வேலை முடிந்தது. சி டிரைவிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், டபிள்யூஎஸ்எல்லின் அமைப்பு ஃபைலில் மெட்டாடேட்டா என்ற வசதியை இயக்க வேண்டும். அப்போது என்டிஎஃப்எஸ் ஃபைலின் ஓரத்திலேயே லினக்ஸ் பெர்மிஷனையும் குறித்துவைத்துக்கொள்ளும்.

777 பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. எங்கே 'பெர்மிஷன் டினைட்' வந்தாலும் 777 போடு என்பது இந்தத் தொழிலின் பாட்டி வைத்தியமாகிவிட்டது. தன் விண்டோஸ் மெஷினில் சாம்ப் என்ற வெப் சர்வர் தொகுப்பை வைத்து வெப்சைட் செய்து, லினக்ஸ் சர்வருக்கு ஏற்றும் சிறு நிறுவனங்கள் பல. ஏற்றியதும் போட்டோ அப்லோட் ஆகாது. 777 போட்டதும் ஆகிவிடும். கிளையன்ட் கைகுலுக்கிவிட்டுப் போவார். சில மாதம் கழித்து அதே அப்லோட் ஃபோல்டரில் யாரோ ஒரு பிஎச்பி ஃபைலைப் போட்டிருப்பார்கள். வெப்சைட்டைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வரும். அந்த ஃபோல்டருக்குத் தேவைப்பட்டது எல்லாருக்கும் அனுமதி அல்ல, வெப் சர்வர் என்ற ஒரே ஒரு ஆளுக்கு அனுமதி. அவர் யார் என்று கண்டுபிடித்து, ஃபோல்டரை அவர் பெயருக்கு மாற்றி 755 கொடுத்தால் போதும். சில ஹோஸ்டிங் சர்வர்களில் 777 போட்ட ஸ்கிரிப்ட்டை ஓட்டவே மறுத்து '500' எர்ரர் காட்டும். அதைப் பார்த்தும் "777 போட்டும் வேலை செய்யலையே" என்பார்கள். போட்டதால்தான் வேலை செய்யவில்லை.

பெர்மிஷன் வேஷத்தில் வரும் வேறு கோளாறுகளும் உண்டு. இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பில், விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால் டி டிரைவில் எதையும் எழுத முடியாது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி வந்தது. ஷட்டவுன் என்று நாம் நினைப்பது பாதித் தூக்கம்தான். தூங்குகிறவர் விழிக்கும்போது டிஸ்க் மாறியிருந்தால் கெட்டுவிடும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும். சூடோ போட்டாலும் எழுதாது. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் அந்த வசதியை நிறுத்துவதே மருந்து. ஸ்கிரிப்ட்டை நோட்பேடில் எழுதி லினக்ஸில் ஓட்டினால் வரும் எர்ரரிலும் பெர்மிஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. வரி முடியும் இடத்தில் விண்டோஸ் கூடுதலாக வைக்கும் ஓர் எழுத்து அது. டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் போய்விடும்.

தமிழ் ஆய்வாளர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும் ஃபைல் பெயராக வைப்பார்கள். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் காப்பி செய்யாது. விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை எண்ணும். லினக்ஸின் எக்ஸ்ட்4 255 பைட் வரைதான் எண்ணும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'புதுச்சேரி' என்ற ஒரு சொல்லில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்துப் பத்துக் குறிகள், முப்பது பைட். மொத்தம் 85 குறிகளோடு லினக்ஸ் கதவைச் சாத்திவிடும். பெயரைச் சுருக்கினால் ஃபைல் ஓடி வந்துவிடும்.

எப்படிக் காப்பி செய்வது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஃபைல் திரும்பி அதே சிஸ்டத்துக்கு வரப்போகிறதா, வேறு சிஸ்டத்தில் குடியேறப் போகிறதா என்பதைத்தான். திரும்பி வரப்போகிறது என்றால் பெர்மிஷனையும் சேர்த்துக் கட்ட வேண்டும். லினக்ஸில் டார் போட்டு ஒரே மூட்டையாக்கிவிட்டால், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் வைத்தாலும் உள்ளே இருக்கும் கணக்கு கலையாது. ஃபேட்32 டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு சிஸ்டத்தில் குடியேறப் போகிறது என்றால் பெர்மிஷனை விட்டுவிட்டு உள்ளடக்கத்தையும் தேதியையும் மட்டும் எடுங்கள். லினக்ஸில் காப்பி செய்ய உதவும் ஆர்சிங்க்கில் எல்லாரும் பழக்கத்தில் '-ஏ' போடுவார்கள். பென் டிரைவ் பக்கம் அது சொந்தக்காரரை மாற்ற முயன்று, தோற்று, ஃபைலுக்கு ஒரு எர்ரர் வீதம் திரையை நிறைக்கும். '-ஆர்டி' மட்டும் போட்டு, கூடவே தேதியில் ஒரு நொடி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டால் போதும். ஃபேட் முறையில் நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். அதைச் சொல்லாவிட்டால் மாறாத ஃபைலையும் ஒவ்வொரு முறையும் திரும்பக் காப்பி செய்யும்.

டிபார்ட்மென்ட்டில் பத்துப் பேர் பங்குபோடும் ஃபோல்டர் என்றால், லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் மெஷின்களுக்கும் காட்டும் சாம்பாவில் குழு அனுமதியை ஒழுங்காக அமைத்து, ஃபோல்டருக்கு 2775 கொடுங்கள். முன்னால் உள்ள அந்த 2, உள்ளே பிறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் குழுவுக்கே சேர்க்கும். சாம்பாவை 1992-ல் வெளியிட்ட ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் 1996-ல் பால் மக்கராசோடு சேர்ந்து ஆர்சிங்க்கையும் தந்தவர். இந்த ஊரில் என் பிழைப்பில் பாதி அவர் புண்ணியம்.

கடைசியாக, வாடிக்கையாளர்களிடம் நான் கட்டாயம் சொல்லும் விஷயம். பெர்மிஷன் பூட்டு அல்ல. அதைக் காப்பாற்றுவது அந்த சிஸ்டம் மட்டுமே. டிஸ்க்கைக் கழற்றி என் மேசையில் மாட்டிவிட்டால், அங்கே நான்தான் ரூட், நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். மேலே சொன்ன வழிகளில் எதை நீங்களே திறக்க முடியுமோ, அதை நானும் திறக்க முடியும். உண்மையான பூட்டு என்க்ரிப்ஷன்தான். விண்டோஸில் இஎஃப்எஸ் முறையில் என்க்ரிப்ட் ஆன ஃபைல், பிட்லாக்கர் போட்ட டிரைவ் இவை வந்தால், சொந்தக்காரரை மாற்றும் டேக்ஓன் கமாண்டெல்லாம் செல்லாது. இஎஃப்எஸ் சான்றிதழோ, பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாவிட்டால், "முடியாதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். புது லேப்டாப்களில் பல, நீங்கள் கேட்காமலே என்க்ரிப்ட் ஆகித்தான் வருகின்றன. அந்த எண் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

அதனால்தான் கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டிஸ்க் யாருடையது, கொண்டுவந்தவருக்கு என்ன உறவு, எந்த ஃபோல்டரை மட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்குரூவைக் கழற்றுவேன். இறந்துபோன கணவரின் கம்ப்யூட்டரிலிருந்து இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடி வரும் அம்மாவும் வருகிறார்கள். மனைவியின் லேப்டாப்பை அவருக்குத் தெரியாமல் திறந்து தரச் சொல்லும் ஆளும் வருகிறார். இரண்டு டிஸ்க்கிலும் வரும் எர்ரர் ஒன்றேதான், ஓட்ட வேண்டிய கமாண்டும் ஒன்றேதான். முதலாமவருக்கு அன்றைக்கே எடுத்துக் கொடுப்பேன். இரண்டாமவரிடம், "சார், அவங்களையே கூட்டிட்டு வாங்க, ரெண்டு நிமிஷத்துல திறந்துடலாம்" என்பேன். பெரும்பாலும் அவர் திரும்ப வருவதில்லை.